ஊறுகாய் பாட்டிலில் பித்தளை மூடிகள்

ஏப்ரல் 22, செவ்வாய்

இல்லை, பயமாக இல்லை. வீட்டுக்காரர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுதான் ஒரு மாதிரியாக இருக்கிறது. மெக்கானிக் வண்டியை நிறுத்திவிட்டு வருவார் என்று நினைக்கிறார்கள். நான் தரையில் உட்கார்ந்து, கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் பெட்டியைத் திறக்கும்போதுதான் புரிகிறது. இன்று ஒருவர் "நீங்களேதானா?" என்று கேட்டுவிட்டு மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

என் கணவன் லூர்து சனிக்கிழமை விழுந்தான். விழுந்தான் என்று சொன்னால் கோபப்படுகிறான், குதித்தானாம். மாடி அறையின் சன்ஷேடிலிருந்து மொட்டை மாடிக்கு. வலது குதிகால் எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. திருச்சியில் இந்த மாதத்தில் ஓர் ஏசி மெக்கானிக் படுத்தால் ஊரே போன் செய்கிறது.

மூன்று வருடமாக அவனோடு வேலைக்குப் போகிறேன். புது மெஷின் மாட்டும்போது ஏணி பிடிப்பேன், குழாய் வளைப்பேன், இண்டோர் கழுவுவேன். கேஸ் ஏற்றும் வேலைக்கு மட்டும் அவன் தனியாகப் போவான். ஓர் ஆள் வேலை, எதற்கு இரண்டு பேர் வெயிலில், என்பான்.

இன்று மூன்று வீடு. இரண்டு சர்வீஸ், ஒரு கேஸ்.

ஏப்ரல் 23, புதன்

அவன் காலைத் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும். வீட்டில் இருப்பது மூன்று தலையணை. மூன்றும் காலுக்குப் போய்விட்டன.

ஏப்ரல் 25, வெள்ளி

தவறு செய்தேன். எழுதி வைக்கிறேன்.

தில்லை நகர், முதல் மாடி. குளிர் வரவில்லை என்றார்கள். கேஜை மாட்டினால் அழுத்தம் எண்பது. நூற்றுமுப்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கேஸ் குறைவு என்று முடிவு செய்து ஏற்றினேன், முள் நூற்றுமுப்பதில் நின்றது. நின்றதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகுதான் இண்டோர் மூடியைத் திறந்தேன். ஃபில்டரில் கம்பளி மாதிரி தூசி. அதைக் கழுவி மாட்டியதும் காற்று ஓட ஆரம்பித்தது, முள் நூற்றெழுபதுக்கு ஏறியது. கம்ப்ரசர் இழுக்கும் கரண்டும் ஏறியது. போட்டதில் பாதியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

கேஸ் சரியாகவே இருந்திருக்கிறது. மூச்சுத்தான் அடைத்திருந்தது. முள் பொய் சொல்லவில்லை. நான்தான் வேறு கேள்வியைக் கேட்டுவிட்டு அந்தப் பதிலை எடுத்துக்கொண்டேன்.

லூர்துவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நானும் மொத வருசம் இதத்தான்டி பண்ணேன்" என்றான். முதலில் ஃபில்டர், பிறகு உள்ளே போகும் காற்றின் சூடு, வெளியே வரும் காற்றின் சூடு, பிறகு கரண்டு, கடைசியில்தான் கேஜ். நல்ல மெக்கானிக். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

வீட்டில் நாற்பது டிகிரி. எங்களுக்கு ஏசி கிடையாது. மின்விசிறி ஐந்தில் சுற்றுகிறது. என் எம்.பில். ஆய்வுத் தாள்கள் மூன்று வருடமாக மேசையில் அதே இடத்தில் இருக்கின்றன. பிறர் சொல்வதை அறிவுக்கு ஆதாரமாகக் கொள்ளலாமா என்பது தலைப்பு. நான்கு அத்தியாயம் முடிந்தது. ஐந்தாவதில் நிற்கிறது. தாள்கள் பறக்காமலிருக்க மேலே ஓர் ஊறுகாய் பாட்டில், அது நிறைய லூர்து போட்டு வைத்த பித்தளை மூடிகள். நல்ல கனம்.

ஏப்ரல் 28, திங்கள்

காஜாமலை. ரஹ்மத் அம்மா வீடு.

கீழ்வீடு, பின்பக்க அறை. கட்டிலில் அவருடைய மகன் ஜியாவுதீன், இருபத்தாறு இருபத்தேழு வயது. பைக் விபத்தில் கழுத்தெலும்பு உடைந்து ஐந்து வருடம் ஆகிறது. தோளும் முழங்கையும் அசையும், விரல்கள் அசையாது. ரஹ்மத் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி ஒன்றைச் சொன்னார். அவனுக்குக் கழுத்துக்குக் கீழே வியர்க்காதாம். வெளியே எவ்வளவு சூடோ உடம்பும் அவ்வளவு சூடாகும், காய்ச்சல் மாதிரி ஏறிக்கொண்டே போகும். "ஏசி எங்களுக்கு வசதிக்கு இல்லம்மா" என்றார்.

ஜியா சிரித்த முகம். என் பின்னால் அவனும் எட்டிப் பார்த்தான், ஆனால் வேறு காரணத்துக்கு.

"லூர்து அண்ணன் வரலியா? சமயபுரம் தேர் மாதிரி, சித்திர மாசம் ஆனா வந்துருவாரே."

குதிகால் கதையைச் சொன்னேன். அப்படியென்றால் என்னை அவன் அண்ணி என்று கூப்பிட வேண்டுமா என்று கேட்டான். கூப்பிடு என்றேன்.

அவன் கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு. மணிக்கட்டில் பட்டை கட்டி அதில் பேனாவைச் செருகி எழுதுகிறான். சுவரில் உள்ள தெர்மாமீட்டர் காட்டுவதைக் காலை, மதியம், மாலை குறித்து வைக்கிறான். கோணல் எண்கள், ஆனால் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. கடந்த பத்து நாளில் இருபத்து நான்கு இருபத்தெட்டாகியிருக்கிறது.

இந்த முறை வரிசை தவறவில்லை. ஃபில்டர் சுத்தம். உள்ளே போகும் காற்று இருபத்தொன்பது, வெளியே வருவது இருபத்து மூன்று. வித்தியாசம் பத்துக்கு மேல் வேண்டும், ஆறுதான் இருக்கிறது. பால்கனியில் அவுட்டோர். மெல்லிய குழாயின் முனையில் பனி பிடித்திருந்தது. கேஜில் எண்பத்தைந்து. இது நிஜமாகவே கேஸ் குறைவு. குழாய் மூட்டு நான்கிலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன், குமிழி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன், மறுபடி. வித்தியாசம் பன்னிரண்டு வந்ததும் நிறுத்தினேன்.

கேஸ் ஏற்றும் ஹோஸைக் கழற்றிய பிறகு, அது மாட்டியிருந்த முனையை மூட மூடியைத் தேடினேன். தரையில் இல்லை. பெட்டியில் இல்லை. வரும்போதே இல்லை என்று பிறகுதான் நினைவு வந்தது. லூர்துக்குப் போன் செய்தேன். அது இல்லாவிட்டால் பரவாயில்லை, உள்ளே இருக்கும் வால்வு பின்னே தாங்கும் என்றான்.

கிளம்பும்போது ஜியா கேட்டான், செஸ் ஆடத் தெரியுமா என்று. தெரியாது. "அண்ணனுக்கும் தெரியாது. ஆனா ஆடுவாரு. ரெண்டு பக்கக் காயையும் அவரே நகத்தணும், பாவம்" என்றான்.

லூர்து செஸ் ஆடுவான் என்பது எனக்குத் தெரியாது.

மே 1, வியாழன்

உறையூரில் ஒரு வீடு. கேஸ் குறைவு. மூடி இல்லை.

மே 2, வெள்ளி

கருமண்டபத்தில் ஒரு வீடு. கேஸ் குறைவு. போன வருடமும் போட்டதாம். மூடி இல்லை.

சாயங்காலம் மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று துடித்தான். ஸ்வெட்டர் ஊசியை டெட்டால் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். டாக்டர் கூடாது என்று சொன்னது இருவருக்கும் தெரியும்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடக்கம். காலை பதினொரு மணிக்கு ரஹ்மத் அம்மா போன் செய்தார். திட்டவில்லை. "அறை முப்பத்தொண்ணும்மா. புள்ளைக்கு நூத்தியொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

போனபோது அவன் மேல் ஈரத்துண்டுகள். அவர் ஸ்பிரே பாட்டிலால் கைகால்களில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார், துணிக்கு இஸ்திரி போடுபவர்போல, நிதானமாக. ஜியாவின் முகம் மட்டும் வியர்த்திருந்தது. கழுத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே உலர்ந்த தோல்.

பால்கனிக்குப் போனேன். ஆறு நாள் முன்பு நான் மூட்டுகளில் எல்லாம் நுரை வைத்தேன். ஹோஸ் மாட்டியிருந்த அந்த ஒரு முனையில் வைக்கவில்லை. ஹோஸ் இருந்ததால் வைக்க முடியவில்லை, கழற்றிய பிறகு வைக்கத் தோன்றவில்லை. இப்போது வைத்தேன். ஒரு குமிழி மெதுவாக வளர்ந்தது, உடைந்தது, அதே இடத்தில் இன்னொன்று.

உள்ளே இருக்கும் பின் ஒரு சின்னக் கதவு மாதிரி. ஹோஸை மாட்டினால் திறக்கும், கழற்றினால் ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அதன் ரப்பர் கொஞ்சம் தேயும். அதனால்தான் வெளியே பித்தளை மூடி. நிஜமான பூட்டு மூடிதான். பின் அல்ல. இது கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

பின்னை இறுக்கினேன். குமிழி சிறிதானது, நிற்கவில்லை. கேஸ் ஏற்றினேன். அறை குளிர ஆரம்பித்தது. ஆனால் மூடி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, உதிரிபாகக் கடை இல்லை.

ஜன்னல் வழியாக ஜியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் படுத்திருக்கும் இடத்திலிருந்து தெரிவது அந்த ஒரு ஜன்னல்தான். அதில் தெரிவது அந்த ஒரு அவுட்டோர்தான்.

"என்ன தேடுறீங்க?"

"ஒரு மூடி. பித்தளையில, கொட்டப்பாக்கு அளவுக்கு."

"அது அண்ணன் சட்டப் பையில இருக்கும்."

"எந்தச் சட்டை?"

"மூணு வருசத்துக்கு முந்தின சட்டை, அண்ணி."

அவன் அம்மா துண்டு பிழிய உள்ளே போயிருந்தார்.

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். லூர்து தூங்கிக்கொண்டிருந்தான். ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். மின்விசிறிக் காற்றில் நான்காம் அத்தியாயம் அறை முழுக்கப் பறந்தது. தாள்களைப் பொறுக்க நிற்காமல் காஜாமலைக்குத் திரும்பினேன்.

முதல் மூடி சிறியது, பழைய மெஷினுடையது. இரண்டாவது மரை சேரவில்லை. மூன்றாவது பொருந்தியது. நுரை வைத்தேன். குமிழி இல்லை. பத்து நிமிடம் பார்த்தேன். இல்லை.

நான்கு மணிக்கு அறை இருபத்தைந்து. அவனுக்குத் தொண்ணூற்றொன்பது. நோட்டில் இரண்டையும் எழுதினான். நான் நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினேன். கேஸ் போட்ட நாட்களில் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறான். முதல் வட்டம் 2022 ஜூன்.

எங்கள் பதிவுத் திருமணம் 2022 பிப்ரவரி.

மே 5, திங்கள்

பாட்டிலை லூர்துவின் கட்டிலில் கொட்டினேன். காலையில், காப்பிக்கு முன்னால். நாற்பது மூடிகள்.

முதலில் ஸ்பேர் என்றான். ஸ்பேர் கடையிலிருந்து பாக்கெட்டில் வரும். இவற்றில் ஸ்பேனர் பிடித்த தடம் இருக்கிறது, ஒன்றில் யார் வீட்டுச் சுவரின் பச்சை வண்ணமோ ஒட்டியிருக்கிறது. அதைச் சொன்னேன். மாவுக்கட்டைப் பார்த்தான்.

பின்னைத் தளர்த்தினாயா என்று கேட்டேன். அதற்குத்தான் கோபம் வந்தது. அம்மா மேல் சத்தியமாகப் பின்னைத் தொட்டதில்லை என்றான். மூடியை மட்டும்தான் எடுத்தானாம். மூடி இல்லாவிட்டால் சிலது கசியும், சிலது கசியாது, அது மெஷின் பாடு.

"கசிஞ்சா உன்னையத்தான கூப்புடுவாங்க" என்றேன்.

"வேற யாரக் கூப்புடுவாங்க" என்றான். பிறகு, "அந்த டிசம்பர் ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் குளிர்காலம். மாதம் முழுவதும் மூன்று போன் வந்தது, அதில் இரண்டு ராங் நம்பர். ஆனால் முதல் வட்டம் அதற்கு முந்தைய ஜூன். அதைச் சொல்லவில்லை. அப்பா என் பெட்டியை வாசலில் வைத்தது பிப்ரவரியில். இனி இரண்டு பேருக்கும் சோறு வேண்டுமே என்றுதான் ஜூனில் அவன் நினைத்துக்கொண்டிருந்தான் என நினைக்கிறேன். அதையும் சொல்லவில்லை.

"ஜியா வீட்டுலயுமா லூர்து?"

அவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அங்கே அதிகம் கசியாது என்று நினைத்தானாம். ஒவ்வொரு வருடமும் இருபத்தெட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டானாம். அவனே போய் அவனே ஏற்றுவதால் எல்லாம் ஒரு கணக்கில் இருந்தது என்றான். நான் போனதால் கணக்கு தவறியது என்று அவன் சொல்லவில்லை. ஆனால் அதுவும் உண்மைதான். அந்தப் பின்னைக் கடைசியாக அழுத்தியது நான்.

"தூக்கிப் போட்டிருக்கலாம்ல. ஏன் சேத்து வச்ச?"

"திருப்பிப் போட்டுறலாம்னுதான்."

மூன்று வருடம் அந்தப் பாட்டில் என் மேசையில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டே வந்தது. கனம் கூடினால் தாள் பறக்காது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பகலில் அம்மா கூப்பிட்டாள். அப்பா பேங்குக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள். எப்படி இருக்கீங்க ரெண்டு பேரும் என்றாள். நல்லா இருக்கோம் என்றேன்.

மே 6, செவ்வாய்

தோசை மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றினேன். அவன் தட்டைக் காலி செய்தான். மூன்று தலையணையில் ஒன்றை என் பக்கம் தள்ளி வைத்திருந்தான்.

மே 7, புதன்

ரஹ்மத் அம்மா வீட்டு வேலையை முறையாக முடித்தேன். இருந்த கேஸை வெளியே விட்டேன். விடக்கூடாது, பிடித்து வைக்கும் மெஷின் எங்களிடம் இல்லை. புதுப் பின் போட்டேன். முக்கால் மணி நேரம் வேக்வம் பம்பால் உள்ளிருந்த காற்றை உறிஞ்சி, நிறுத்தி, முள் நகர்கிறதா என்று இருபது நிமிடம் பார்த்தேன். நகரவில்லை. பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, மெஷின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டில் எத்தனை கிராம் போட்டிருந்ததோ அத்தனை கிராம். கூட இல்லை, குறைய இல்லை. முள்ளை நம்பி ஏற்றுவதைவிட இது நிம்மதி. எடை யாருடைய கணிப்பையும் நம்பி இருப்பதில்லை. அதுவரை ஜியாவை முன்னறையில் மேசை விசிறி முன் ஈரத்துண்டோடு படுக்க வைத்திருந்தார்கள்.

முடித்துவிட்டுச் சொன்னேன். ரஹ்மத் அம்மாவிடம், நின்றுகொண்டே. மூடியை எடுத்தது லூர்து, தெரிந்தே எடுத்தது, மூன்று வருடமாக. ஞாயிறன்று நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. சொல்லிக்கொண்டு வரும்போது என் குரல் வகுப்பில் கட்டுரை வாசிப்பதுபோல இருந்தது. மாற்ற முடியவில்லை.

அவர் கேட்டு முடித்தார். கையிலிருந்த ஸ்பிரே பாட்டிலை மேசையில் வைத்தார்.

"நீ சொல்லிட்ட. அவரு சொல்லட்டும்" என்றார். "கட்டுப் பிரிச்சதும் வரச் சொல்லு. இங்க ஒக்காந்து, என் மொகத்தப் பாத்து."

அதற்குப் பிறகு எனக்கு டீ கொடுத்தார். அது மன்னிப்பா என்று தெரியவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் அடுக்களைக்குப் போனபோது ஜியாவைக் கேட்டேன், பார்த்துக்கொண்டே இருந்தவன் ஏன் சொல்லவில்லை என்று. மொத வருசம் புரியல என்றான். ரெண்டாவது வருசம் புரிஞ்சிருச்சு.

"சொன்னா சரி பண்ணிருவாரு. அப்புறம் எதுக்கு வரப்போறாரு?"

கேலியாகத்தான் சொன்னான். வருடத்தில் மூன்று தடவை லூர்து வருவான், வேலை அரை மணி நேரம், அதன் பிறகு இரண்டு மணி நேரம் செஸ். விபத்துக்குப் பிறகு வந்துகொண்டிருந்த நண்பர்கள் யாரும் இப்போது வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் பயந்துவிட்டதாகச் சொன்னான். கொஞ்சம் என்பதை விரல் மடங்கிய கையால் அளந்து காட்டினான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர் கழுவ ஆள் வர வேண்டும் என்றேன். அதை அவனுடைய அம்மாவே கழுவுவார், அது இருவருக்கும் தெரியும். "சரி, தேதியப் போட்டுக்குறேன்" என்று முழங்கையால் நோட்டை இழுத்தான்.

மே 8, வியாழன்

ரஹ்மத் அம்மா சொன்னதை லூர்துவிடம் அப்படியே சொன்னேன். போறேன் என்றான்.

மத்தியானம் அவனாகவே கேட்டான், நோட்டும் பேனாவும் இருக்கிறதா என்று. ஆய்வுத் தாளின் பின்பக்கத்தை எடுத்தேன், பறந்ததில் பக்க எண் குழம்பிக் கிடந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகச் சொன்னான். உறையூர், பழைய தபால் நிலையத்துக்கு எதிர்த் தெரு, இரண்டாம் மாடி, பெரிய மூடி. கருமண்டபம், பச்சைச் சுவர் வீடு, பெரிய மூடி. பொன்மலைப்பட்டி, ரிட்டயர்டு ரயில்வே கார்டு வீடு, பழைய மெஷின், சின்ன மூடி. ஒன்றுகூட மறக்கவில்லை. சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு மூடியாக எடுத்து, மரையைத் துடைத்து, பழந்துணியில் முடிந்து, மேலே வீட்டின் பெயரை ஒட்டினான். இதைச் செய்ய எழுந்து உட்கார்ந்திருந்தான்.

போய் என்ன சொல்வாய் என்று கேட்டான். நடந்ததைச் சொல்வேன் என்றேன்.

"எல்லாரும் விட்டுட்டுப் போயிருவாங்க, செவ்வந்தி."

"போனாலும் போவாங்க."

"நீயும் போயிருவியான்னு கேக்குறேன்."

அவன் காலைத் தலையணையில் எடுத்து வைத்தேன், இரண்டு தலையணை போதுமானதாக இருந்தது.

இன்னும் நாற்பது வீடு. ஒன்றில் போட்டாகிவிட்டது.

மே 9, வெள்ளி

வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினேன். தாள்களின் மேல் பெரிய ஸ்பேனர் ஒன்றை வைத்தேன். முதலில் உறையூர். கதவைத் திறந்த அம்மாள் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நான் மட்டும்தான் என்றேன், உள்ளே போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து பால்கனிக் கதவைத் திறந்துவிட்டார். நுரை வைத்துப் பார்த்தேன், துடைத்தேன், மூடியைக் கையால் திருகி ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினேன். பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போன் செய்தேன்.